டென்ஷனை லூஸ் பண்ணச் சொன்னேன்

1

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருடக்கணக்காக எனக்குள் இழுபறி. பேனாவை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், கிழித்துப் போட்டுவிடுவேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்துப் பிழை வருமே என்கிற கூச்சம் ஒன்று. அதைவிடப் பெரிய கூச்சம் வேறு. தினமும் விளக்கேற்றி முருகனைக் கும்பிடுகிறவள், கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவள், "எனக்குப் பயத்தில் உடம்பு நடுங்கியது, அதைச் சமாளிக்க ஒரு வகுப்புக்குப் போய்ப் படித்தேன்" என்று எழுதினால் ஊரில் என்ன பேசுவார்கள்? சாமி மேல் நம்பிக்கை இருந்தால் வகுப்பு எதற்கு என்று கேட்பார்கள். நானே என்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு காரணம் என் தங்கை. இந்த அனுபவத்தில் பாதிக்கு மேல் அவளுடையது. அவள் சரி என்று சொல்லாமல் எழுதுவது முறையில்லை. இப்போது சொல்லிவிட்டாள்.

போன புதன்கிழமை நடந்த ஒரு சின்ன விஷயம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. நான் குடியிருக்கும் லெஸ்டர் நகரத்தில், எங்கள் பகுதி நூலகத்தின் மாடி அறையில், மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி வகுப்பு வாரம் ஒருமுறை நடக்கிறது. நடத்துகிறவர் ஹெலன் என்கிற வெள்ளைக்காரப் பெண்மணி. தமிழ்ப் பெண்கள் வந்தால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொடுப்பது என் பங்கு. சம்பளம் கிடையாது, டீ உண்டு. அன்றைக்குப் புதிதாக வந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், வகுப்பு முடிந்ததும் மெல்ல என்னிடம் வந்தார்.

"அக்கா, நீங்கள் இதை எங்கை படிச்சனீங்கள்? யூனிவர்சிட்டியிலையோ?"

"திருப்பூர்லீங்க. பனியன் கம்பெனியில."

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். விளையாட்டில்லை. படிக்க ஆரம்பித்தது இங்கே; விளங்கியது அங்கே. அவருக்கு அன்று பஸ் வந்துவிட்டது, முழுதாகச் சொல்ல முடியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

2

எங்கள் வீடு திருப்பூர் ராயபுரத்தில். அப்பா பெரிய முருக பக்தர். மூத்தவளான எனக்கு வள்ளியம்மாள் என்றும் இளையவளுக்குத் தெய்வானை என்றும் பெயர் வைத்தார். "ஏனுங்க, ரெண்டையும் முருகனுக்கே கட்டிக் குடுத்துருவீங்களாட்ட இருக்குது" என்று பக்கத்து வீட்டில் கேலி பேசுவார்கள். "அவன்தான் மாப்பிள்ளை பார்த்துக் குடுக்கோணும்" என்பார் அப்பா. பார்த்துக் கொடுத்தான். எனக்கு வாய்த்தவர் பின்னல் மெஷின் பிட்டர். வேலை கிடைத்து அவர் இங்கிலாந்துக்கு வர, பின்னாலேயே நானும் கைக்குழந்தையோடு வந்தேன்.

ஊரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த நான், இங்கே வந்தும் துணியை விட்டு விலகவில்லை. ஒரு கிடங்கில் துணி மடித்துப் பெட்டியில் போடுகிற வேலை. கையில் எடுக்கும் பனியனில் பாதி நம் ஊர் வாசம் அடிக்கும். லேபிளைப் பார்க்காமலே தையலைப் பார்த்துச் சொல்லிவிடுவேன், இது எங்களுடையது என்று. காலையில் சமையலறை அலமாரியில் இருக்கும் முருகனுக்கு விளக்கேற்றி, சாம்பிராணி போட்டால் கூரையில் இருக்கிற புகை மணி அலறும். அதனால் ஊதுபத்தியோடு நிறுத்திக்கொண்டேன். முருகன் கோபித்துக்கொள்ளவில்லை.

பயம் எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வாசல் கதவின் துவாரம் வழியே தபால் விழும் சத்தம். பழுப்பு உறையாக இருந்தால் அது அரசாங்கக் கடிதம். விசா, வரி, பள்ளிக்கூடம், எதுவாகவும் இருக்கலாம். சத்தம் கேட்டதுமே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தோள் ரெண்டும் காதுக்கு ஏறிவிடும். பிறகு போன் அடித்தாலும் அப்படி ஆனது. அப்புறம் சும்மாவே ஆனது. கிடங்கில் ஒருநாள் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு நின்றேன். சூப்பர்வைசர் டாக்டரிடம் போகச் சொன்னார்.

டாக்டர் நிலையத்தில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் என்ன பிரச்சினை என்று கேட்டார். நம் ஊரில் சொல்கிற மாதிரி, "டென்ஷன்" என்றேன். எங்கே என்று கேட்டார். எங்கே என்றால் என்ன சொல்ல? தோளைத் தொட்டேன், கழுத்தைத் தொட்டேன், "புல் பாடி" என்றேன். அவர் தட்டச்சு செய்துகொண்டார். சில வாரம் கழித்து ஒரு பழுப்பு உறை வந்தது. என் மகள் நிலா பிரித்துப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"அம்மா! இது தோள் வலிக்கு எக்சர்சைஸ் சொல்லித் தர்ற ஆளு. நீ என்ன சொன்ன?"

"டென்ஷன்னு சொன்னேன்."

"இங்க டென்ஷன்னா சதை இறுகறது. நீ ஸ்ட்ரெஸ்னு சொல்லணும்."

"ஸ்ட்ரெஸ்னா அழுத்தறதுதானே? என்னை யாரு கண்ணு அழுத்தறா?"

அவள் சிரித்தாள். நான் அந்த உடற்பயிற்சிக்காரரிடமே போனேன். கொடுத்த தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாதே. அந்த ஆள் என் தோளை அழுத்திப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், தோளில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நூலக வகுப்பின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். தப்பான வார்த்தை சொல்லித் தப்பான ஆளிடம் போய், சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தேன். இதை முருகன் செயல் என்றுதான் நான் நம்புகிறேன். நம்பாதவர்கள் தபால் துறையின் செயல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்பில் ஹெலன் எங்களைக் கண்ணை மூடி, தோளைத் தூக்கி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தோம். "லெட் கோ" என்றார். எனக்குத் தெரிந்த "கோ"வுக்குப் போவது என்றுதான் பொருள். அவ்வளவு சீக்கிரம் வகுப்பை விட்டுவிட்டார்களே என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஹெலன் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, வாயைப் பொத்திச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பல மாதத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். விட்டுவிடு என்பதற்கும் புறப்படு என்பதற்கும் ஒரே வார்த்தையை வைத்திருக்கிறார்களே என்று வீடு வரும் வரைக்கும் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

3

அங்கே கற்றுக்கொடுத்ததில் மாயம் ஒன்றும் இல்லை. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குவது. தோளை வேண்டுமென்றே இறுக்கி, பிறகு தொங்க விடுவது. பயம் வரும்போது கண்ணெதிரில் இருக்கிற பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, மனசை இந்த இடத்துக்குக் கூட்டி வருவது. என் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரிப்பது. நான் எல்லாரையும்விட வேகமாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் பழுப்பு உறை விழுந்தால் எல்லாம் மறந்துபோகும்.

ஹெலனிடம் போய், எனக்கு மண்டையில் ஏறவில்லை என்றேன். பயம் வருகிற நேரத்தில் மட்டும்தான் செய்து பார்க்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பயம் இல்லாத நேரத்தில் செய்து பழகு என்றார். எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. கம்பெனியில் புதிதாக வருகிற பெண்ணுக்கு முதலில் வேஸ்ட் துணியைத்தானே கொடுப்போம்? ஷிப்மென்ட் பீஸில் யாரும் தையல் பழகுவதில்லை. அன்றிலிருந்து விளக்கேற்றும்போது, பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது என்று சும்மா இருக்கிற நேரமெல்லாம் பழகினேன்.

சாமி விஷயமும் எனக்குத் தெளிந்தது. முருகனுக்கு வேல் கொடுத்தது அவன் அம்மா. ஆனால் அதைப் பிடித்து எறிந்தது அவன் கைதான். அம்மா கொடுத்தாள் என்று சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தால் சூரன் போயிருப்பானா? கும்பிடுவதை நான் நிறுத்தவில்லை. கை பழகுவதையும் சேர்த்துக்கொண்டேன்.

நிலாவுக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். அவளுக்குப் பெரிய பரீட்சை நேரம்.

"அம்மா, என்கிட்ட அதுக்கு ஆப் இருக்கு."

"ஆப்பு எதுக்கு? நான் இருக்கறனல்லோ?"

"நீ மூச்சு விடறப்ப 'முருகா'ன்னு சொல்ற. எனக்குச் சிரிப்பு வருது."

சரி, சிரி, அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். இப்போது வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். போன வருடம் கோவிலுக்குக் கூப்பிட்டபோது வரவில்லை. வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. அவள் வாயில் எந்த மொழி வரும், அவள் யாரைக் கும்பிடுவாள் என்பதெல்லாம் என் கையில் இல்லாதவை. ஞாயிற்றுக்கிழமை போனை எடுப்பது என் கையில் இருக்கிறது. எடுக்கிறேன்.

4

சில வருடம் முன்பு விடுமுறையில் ஊருக்குப் போனபோதுதான் தெய்வானையின் நிலைமை தெரிந்தது. போனில் மறைத்துவிட்டாள். மங்கலம் ரோட்டில் ஒரு கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டைலராகச் சேர்ந்து, படிப்படியாக ஒரு லைனுக்கே, அதாவது ஒரு வரிசை மெஷின்களுக்கே, சூப்பர்வைசர் ஆனவள் அவள். எங்கள் குடும்பத்தில் பெண்கள் யாரும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. ஆனால் அந்தப் பதவி வந்த பிறகு, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்று மைக்கில் டார்கெட் சொல்லும் குரல் கேட்டாலே அவளுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மூச்சு முட்டியது. ஒருமுறை லைனிலேயே மயங்கிவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். இதயம் நன்றாக இருந்தால் நடுங்குவது எது? அவள் மாமியாருக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது.

"காத்துக் கருப்பு அண்டியிருக்குது கண்ணு," என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "கம்பெனிக்குப் பின்னால ஒரு பாழுங்கெணறு இருக்குதல்லோ? சேவூர்ப் பக்கம் ஒருத்தரு மந்திரிக்கிறாரு. அமாவாசைக்கு வரச் சொல்லியிருக்கறாரு."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மருமகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்திலும் பாசத்திலும்தான் சொன்னார். தெய்வானையின் வீட்டுக்காரர் பழனிச்சாமி சாதுவான மனிதர். விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் இன்னொரு முடிவும் எடுத்து வைத்திருந்தார்.

"மந்திரிச்சுட்டு, வேலையையும் உட்டுற வேண்டியதுதானுங்க. கம்பெனில வேற, நடுங்கறவங்களை வெச்சு லைன் ஓட்ட முடியாதுங்கறாங்க. உசுரு இருந்தாப் போதுமுங்க."

அவர்கள் போன பிறகு தெய்வானை என்னிடம் சொன்னாள்: "அக்கா, வேலை போனாப் போகுது. ஆனா பேயி புடிச்சு வேலைய உட்டவன்னு பேரு நின்னுபோகும். அதுக்கப்பறம் இந்த ஊர்ல எந்தக் கம்பெனிலயும் என்ற பேச்சை எவ கேப்பா?"

அதுதான் விஷயம். அமாவாசைக்கு அதிக நாள் இல்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். முதல் நாள் அவள் சிரித்தாள்.

"மூச்சு உடறதுக்கு ஒரு கிளாஸாக்கா? பொறந்ததுலருந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கறேன்?"

"நீ எங்க உடற? இழுத்து இழுத்து உள்ளயே ஸ்டாக் வெக்கற. ஊசிக்கிட்ட சேர்ற பஞ்சை ஊதுவியல்லோ, அப்படி ஊது. மெதுவா, நீளமா."

அது அவளுக்குப் புரிந்தது. மெஷினில் ஊசியைச் சுற்றிச் சேரும் பஞ்சை வேகமாக ஊதினால் கண்ணில் விழும், மெதுவாக நீளமாக ஊதினால்தான் போகும். மாவாட்டும்போது ஊதினாள், பூப்பறிக்கும்போது ஊதினாள். மாமியார் பார்த்துவிட்டு, "அக்காளும் தங்கச்சியுமா எதை ஊதறீங்க?" என்றார். "பஞ்சுங்க அத்தை," என்றாள் தெய்வானை. ஆனாலும் கம்பெனியில் மைக் சத்தம் கேட்டால் நடுக்கம் வந்துகொண்டேதான் இருந்தது. "நிக்க மாட்டேங்குதுக்கா, எனக்கு இது ஆகாது" என்று ஒருநாள் அழுதாள்.

5

அந்த வாரம் அவள் கம்பெனியின் எச்.ஆர். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முத்துராஜ் என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், நல்ல சுறுசுறுப்பு. துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளர் நலத்தைப் பார்க்க ஆள் அனுப்புவார்கள். மன அழுத்தப் பயிற்சி நடந்ததா என்று கேட்பார்கள். தங்கை மூலம் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டு, அதற்குள் பேனரே அடித்து வைத்துவிட்டார். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் "இங்கிலாந்து" என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"பெருசா ஒண்ணும் இல்ல மேடம். டீ டைம்ல மைக்கப் புடிச்சிட்டு நில்லுங்க, ரெண்டு போட்டோ எடுத்துக்கிடுதோம். போதும்லா?"

"மைக்கைப் புடிச்சா நான் பேசுவனுங்க தம்பி."

"பேசுங்களேன். வேண்டாம்னா சொல்லுதேன்?"

டீ நேரத்தில் டைலர்கள் மெஷின் பக்கத்திலேயே டம்ளரோடு நின்றார்கள். நம் ஊர்ப் பெண்கள், தெற்கத்திப் பெண்கள், வடக்கிலிருந்து வந்த பெண்கள். தமிழ் தெரியாதவர்களுக்காகச் சுனிதா என்ற ஒடிசாப் பெண் என் பேச்சை இந்தியில் சொன்னாள். தோளைத் தூக்கி இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன், தொங்க விடச் சொன்னேன், பஞ்சு ஊதுகிற மாதிரி ஊதச் சொன்னேன். ஹாலே ஊதியது. முன்வரிசையில் மேரி என்கிற பெண் கையைத் தூக்கினாள்.

"ஏனுங்கக்கா, நாங்க ஊதறப்ப 'ஆண்டவரே'ன்னு சொல்லிக்கலாமுங்களா?"

"தாராளமாச் சொல்லு அம்மிணி. ஊதறது நீளமா இருந்தாச் செரி."

எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. கடைசியாக, "மைக்ல டார்கெட் சொல்றதைக் கேட்டதும் பதறாதீங்க. உடனே டென்ஷனை லூஸ் பண்ணுங்க!" என்று முடித்தேன். சுனிதா அதையே அதே உற்சாகத்தோடு இந்தியில், "டார்கெட் சுன்தே ஹீ டென்ஷன் டீலா கரோ!" என்றாள். எல்லாரும் பலமாகத் தலையாட்டினார்கள். கைதட்டினார்கள். முத்துராஜ் போட்டோ எடுத்தார்.

மெஷின் ஓட்டியவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஓவர்லாக் மெஷினில் நூலின் இறுக்கத்துக்கும் பெயர் டென்ஷன்தான். அதற்கென்று திருகு இருக்கிறது. இறுக்கினால் நூல் அறும், தளர்த்தினால் தையல் வாயைப் பிளக்கும்.

டீ முடிந்து, மைக்கில் டார்கெட் சொன்னார்கள். தெய்வானையின் லைனில் இருந்த வடக்கத்திப் பெண்கள் வரிசையாகக் கையை நீட்டி, மேடம் சொன்னபடியே, திருகைத் தளர்த்தினார்கள். நான் ஆபீஸில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் செக்கிங் பக்கமிருந்து கூச்சல்.

"அய்யோ, அத்தனை பீஸும் வாயப் பொளந்துட்டு வருதுங்க!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். பனியனின் பக்கத் தையலை ரெண்டு கையால் லேசாக இழுத்தால் ஏணிப்படி மாதிரி நூல் தெரிகிறது. அன்று மாலை லாரி ஏற வேண்டிய சரக்கு. புரொடக்ஷன் மேனேஜர் சண்முகம் லைனுக்கு நடுவே நின்று கத்தினார்.

"யாருங்க டென்ஷன்ல கைய வெச்சது?"

ஒரு சின்னப் பெண் எழுந்து, பயந்துகொண்டே என்னைக் கை காட்டினாள். "மேடம் நே போலா."

"மேடம்தான் சொன்னாங்களாம் சார்," என்றாள் சுனிதா. அவள் முகம் வெளுத்துவிட்டது.

ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. யாரோ ஒருத்தி கிக்கென்று சிரித்தாள். சண்முகத்துக்கு அது இன்னும் ஏறியது. என் பக்கம் திரும்பவில்லை, தெய்வானை பக்கம் திரும்பினார். "உன்ற லைனுதானே? நீ என்ன பண்ணிட்டிருந்த? நடுங்கிட்டு நின்னியா?"

தெய்வானை நடுங்கிக்கொண்டுதான் நின்றாள். கை, உதடு, எல்லாம். நெற்றி வியர்த்திருந்தது. போச்சு, என் வாயாலேயே இவள் வேலை போச்சு, முருகா என்று நினைத்துக்கொண்டு, நான் செய்த தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தபடி ஓடினேன். அவள் என் பக்கம் பார்க்காமலே கையைத் தூக்கி, நில் என்று காட்டினாள்.

அப்புறம் அத்தனை பேருக்கும் முன்னால் தோளைத் தூக்கினாள். பிடித்தாள். விட்டாள். நீளமாக ஊதினாள். நான் அவள் கையையே பார்த்தேன். நடுக்கம் நிற்கவில்லை. இன்னொரு தடவை ஊதினாள். அப்போதும் நிற்கவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. நடுங்குகிற கையை நீட்டி முதல் மெஷினின் திருகைப் பிடித்தாள். விரல் வழுக்கியது, திரும்பப் பிடித்து முடுக்கினாள். வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், அடுத்த மெஷினுக்குப் போனாள்.

"சார், ஒரு மணி நேரம் குடுங்க," என்றாள் போகிற போக்கில். குரலும் நடுங்கியது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "மேரி, பிரிக்கிற பீஸெல்லாம் உன்ற டேபிளுக்கு. சுனிதா, அவங்களுக்குச் சொல்லு. மெஷின் டென்ஷனை நான் பாத்துக்கறேன். அவங்க மனசு டென்ஷனை மட்டும் லூஸ் பண்ணட்டும். மனசு! புரியுதா?"

சுனிதா நெஞ்சைத் தட்டிக் காட்டி இந்தியில் சொன்னாள். அந்த லைனே சிரித்தது. சண்முகம் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவள் மெஷின் மெஷினாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரிக்க வேண்டியதைப் பிரித்து, திரும்பத் தைக்க வேண்டியதைத் தைத்து, லாரி தாமதமாகத்தான் கிளம்பியது. ஆனால் கிளம்பியது.

போகும்போது சண்முகம் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "இனி டிரெய்னிங் கொடுக்கறதுன்னா ஞாயித்துக்கெழமை வெச்சுக்கங்க. மெஷினுக்குக் கரண்டை நிறுத்திப்போட்டுக் கொடுங்க." பிறகு தெய்வானையைப் பார்த்து, "நாளைக்குப் புது ஆர்டர் உன்ற லைன்லதான் ஏறுது," என்றார். தங்கை என் கையைக் கிள்ளினாள். அவள் விரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

6

வீட்டில் சொன்னபோது பழனிச்சாமி முழுதும் கேட்டார்.

"அப்ப கை நடுங்குச்சா?"

"நடுங்குச்சுங்க. நடுங்கட்டும்னு செஞ்சேன்."

அவர் தன் அம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, பேயி வந்து நம்ம கம்பெனிக்கு ஓவர்லாக் டென்ஷன் செட் பண்ணிக் குடுக்குமா?"

"பண்ணுச்சுன்னா அதையும் வேலைக்குச் சேத்திக்குவாங்க," என்றார் மாமியார், வெற்றிலையை மடித்துக்கொண்டே. சிரிப்பு வந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டார். "எதுக்கும் கோயிலுக்கொருக்காப் போயிட்டு வந்துருங்க."

அமாவாசையன்று சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். சேவூர் போகவில்லை. படியேறும்போது மாமியாரும் எங்களோடு சேர்ந்து ஊதினார், மூச்சு வாங்கியதாலா பழகிக்கொண்டதாலா என்று கேட்கவில்லை.

தெய்வானை இன்றைக்கும் அதே லைனில் இருக்கிறாள். டாக்டர் ஒருவரையும் பார்த்தாள், கொஞ்ச காலம் மாத்திரை சாப்பிட்டாள், அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னாள். மூச்சும் தோளும் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. தூக்கம் கெட்டு, வாழவே பிடிக்காமல் போகிறவர்கள் என்னைத் தேடாதீர்கள், டாக்டரைத் தேடுங்கள். நடுக்கம் அவளுக்கு இப்போதும் எப்போதாவது வரும். எனக்கும் வரும். பழுப்பு உறை விழுந்தால் நடுங்கிக்கொண்டே எடுத்து, நடுங்கிக்கொண்டே பிரித்துப் படிக்கிறேன். ஹெலனிடம் நான் படித்தது பாடம். அதை நடுக்கம் இருக்கும்போதே செய்யலாம், அது நிற்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதைத் தங்கையின் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இங்கே வகுப்புக்கு வரும் பெண்களிடம் அதை முதலில் சொல்கிறேன்.

நான் எழுத உட்கார்ந்த இந்த நேரத்தில்தான், எங்கள் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. லண்டனிலிருந்து ஒரு டாக்டர் அம்மா வந்தாராம். பனியன் கம்பெனியில் பேய் பிடித்து ஆடிய பெண்ணை ஒரே ஊதலில் ஊதினாராம். பேய் ஓடிவிட்டதாம், அந்த நிமிடமே நடுக்கம் நின்றதாம். கேட்டுவிட்டுத் தெய்வானைக்குப் போன் செய்தேன். அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள்.

"எழுதிருங்கக்கா. என்ற பேரையும் போட்டே எழுதுங்க. எங்க கம்பெனில போன மாசம் ஒரு புள்ளைக்கு இதே மாதிரி வந்துச்சு. இந்தக் கதையக் கேட்டுட்டு, 'எனக்கு ஊதியும் நிக்கலீங்க, அப்ப எனக்கு நெசமாலுமே பேயிதானுங்களா'ன்னு அழுவறா."

அதனால் எழுதிவிட்டேன். படித்தவர்கள் இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், அனுப்புங்கள். என் பிழைகளைத் திருத்த வேண்டாம். என்னை டாக்டர் ஆக்க வேண்டாம். நான் சொன்ன தப்பான வார்த்தையை விட்டுவிட வேண்டாம். எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றிவிடாதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நடுக்கம் நின்றது என்று சொல்லிவிடாதீர்கள். அது நிற்கவில்லை. அவள் நடுங்கிக்கொண்டேதான் திருகை முடுக்கினாள்.